நகலில் கணக்கு எழுதாதீங்க!

(கூட்டமைப்பின் ஊக்குநர்கள், பிரதிநிதிகள், கணக்காளர்கள் கலந்துகொண்ட காலாண்டுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து கறவை மாட்டுக் கடன், காப்பீடு, தணிக்கை என்று பேசிப் பேசிக் களைத்துப் போயிருக்கீங்க. இப்போ கம்ப்யூட்டர் கணக்கு பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் நாலைந்து பேர் டீ குடிக்க எழுந்திருப்பது தெரிகிறது. உட்காருங்க அக்கா, டீ இங்கேயே வரும். இது கணக்காளர் பெண்களுக்கு மட்டும் உள்ள பேச்சு இல்லை. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத உறுப்பினருக்குத்தான் இதில் அதிகம் வேலை இருக்கிறது. ஏன் என்று ஒரு நடந்த கதையைச் சொன்னால் புரியும். அந்தக் கதையில் என் தவறும் இருக்கிறது. அதனால் ஊர் பேரும் ஆள் பேரும் கேட்காதீங்க.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கூட்டமைப்பு. கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில், எக்செல் ஷீட்டில். கணக்காளர் கெட்டிக்காரப் பெண். ஒரு வரிக்கு ஒரு உறுப்பினர். கடன் தொகை ஒரு கட்டத்தில். பக்கத்தில் மாதா மாதம் கட்டிய அசல். கடைசியில் நிலுவை என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் இந்த மாத வட்டி என்று ஒரு கட்டம். நிலுவையையும் வட்டியையும் அவள் கையால் எழுத மாட்டாள். கடன் தொகையிலிருந்து இதுவரை கட்டியதை எல்லாம் கழித்துக்கொள், மிச்சத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி போடு என்று அந்தக் கட்டங்களுக்குள் ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தாள். அந்தக் கட்டளைக்குத்தான் பார்முலா என்று பெயர். இந்த மாதம் கட்டிய ஆயிரத்தை அடித்தால் போதும், நிலுவை தானாகக் குறையும், வட்டியும் தானாகக் குறையும்.

ஜூன் மாசம் வங்கியில் எல்லாக் குழுக்களின் கடன் பட்டியலைக் கேட்டார்கள். அனுப்பினோம். அங்கே திறந்தால் பாதிக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாகப் பிழை என்று வருகிறது. காரணம், எங்கள் ஷீட் இன்னொரு பைலில் இருந்து எண்களை எடுத்துக்கொள்ளும்படி செய்திருந்தது. அந்த இன்னொரு பைல் வங்கியில் கிடையாது. நான்தான் சொன்னேன், "பார்முலா எல்லாம் வேண்டாம்மா, எண்ணை மட்டும் ஒட்டி ஒரு நகல் அனுப்பிடு." அப்படியே அனுப்பினாள். வங்கி மேலாளருக்குத் திருப்தி. சொன்னதில் தப்பில்லை, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். மூலப் பைலை வேறு இடத்திலும் ஒன்று பத்திரமாக வை என்று சொல்லாமல் விட்டேன் பாருங்க, அதுதான் தப்பு.

ஜூலையில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம், ஓசூர் போய்விட்டாள். அதே மாதம் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். பிகாம் முடித்தவள், பயந்த சுபாவம். மெயிலில் தேடினாள், வங்கிக்கு அனுப்பிய பைல் கிடைத்தது. பார்வைக்கு அச்சு அசல் பழைய ஷீட் மாதிரியே இருக்கும். அதே தலைப்பு, அதே வண்ணம், அதே பெயர்கள். அதிலேயே எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அது நகல். உள்ளே கட்டளை கிடையாது, எண் மட்டும்தான். ஜூலை தவணை ஆயிரத்தை அடிக்கிறாள், நிலுவை ஏழாயிரம் ஏழாயிரமாகவே நிற்கிறது. ஆகஸ்டில் அடிக்கிறாள், அப்படியே நிற்கிறது.

"உனக்குத் தெரியலையாம்மா?" என்று பின்னால் கேட்டேன். தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் பட்டியல் படிக்கும்போது சில பெண்கள், "நான் கட்டினேனே, நிலுவை எப்படி குறையாம இருக்கும்?" என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் கால்குலேட்டரில் போட்டுக் கையால் திருத்திக் கொடுத்திருக்கிறாள். மற்ற வரிகளை ஏன் பார்க்கவில்லை என்றதற்கு அவள் சொன்ன பதில்: "எக்செல் தெரியாதவள்னு நினைச்சு வேலையை விட்டு எடுத்துடுவீங்களோன்னு பயந்துட்டேன் மேடம்."

ஆக, கேட்டவர்களின் கணக்கு சரியாகிவிட்டது. கேட்காதவர் தவணை தவறியவர் ஆகிவிட்டார்.

அப்படிக் கேட்காத ஒருவர் பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போயிருந்த அக்கா. பத்தாயிரம் கடன், மாதம் ஆயிரம் அசல், பத்துத் தவணை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று தவணை ஊரில் இருந்து கட்டினார். அப்புறம் வேலைக்குப் போன இடத்திலிருந்து நாத்தனார் கையில் பணம் கொடுத்துவிட்டார். மாதக் கூட்டத்துக்கு வர முடியாது, பாஸ்புக்கும் அவர் பெட்டியில் பெங்களூரில். அக்டோபரில் மகளின் நர்சிங் படிப்புக்கு இருபத்தைந்தாயிரம் புதுக் கடன் கேட்டார். பட்டியலைப் பார்த்தால் நிலுவை ஏழாயிரம், மூன்று தவணை பாக்கி. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் படித்தாகிவிட்டது. கடன் இல்லை என்று தீர்மான நோட்டிலும் எழுதியாகிவிட்டது.

அதற்கப்புறம் குழு பார்த்தது யாரை? நாத்தனாரை. "அண்ணி குடுத்தனுப்பின காசை எடுத்துக்கிட்டாளா?" என்று நேராகக் கேட்கவில்லை, ஆனால் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பேச்சு வந்துவிட்டது. போனில் அண்ணியும் நாத்தனாரும் வார்த்தையை விட்டுவிட்டார்கள். ஒரே வீட்டுக்குள் பேச்சு நின்றுபோனது.

எனக்கு விஷயம் வந்தபோது நான் முதலில் கேட்டது குழுவின் ரொக்கப் புத்தகத்தை. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஊக்குநர் கையால் எழுதிய நோட்டு அது. ஜூலையில் 1,070 ரூபாய். ஆகஸ்டில் 1,060. செப்டம்பரில் 1,050. மூன்றும் வரவு வைக்கப்பட்டிருந்தது, நாத்தனார் கையெழுத்தோடு. கம்ப்யூட்டர் ஷீட்டில் பார்த்தால் மூன்று மாதமும் வட்டி 70 ரூபாய் என்றே நிற்கிறது. ஒழுங்காகத் தவணை கட்டியவருக்கு மாதா மாதம் ஒரே வட்டி எப்படி வரும்? அந்த எழுபதில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தபோதுதான் உள்ளே கட்டளை இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

குழுவைக் கூட்டி ரொக்கப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்தோம். தீர்மானத்தை மாற்றி எழுதினோம். நவம்பரில் கடன் கொடுத்தோம். அதற்குள் அந்த அக்கா தோட்டை அடகு வைத்துக் கல்லூரிப் பணம் கட்டியிருந்தார். நாத்தனார் என்னிடம் ஒன்று கேட்டார், "பொட்டி சொன்னா நம்புறீங்க, நான் சொன்னா நம்ப மாட்டீங்களா மேடம்?" நான் பதில் சொல்லவில்லை. இருந்தால்தானே சொல்வதற்கு.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் குழம்பு கொடுத்து அனுப்புகிறோம். அது ருசி பார்க்க, சாப்பிட. நாளைக்கு அதே குழம்பு அவர்கள் வீட்டில் கொதிக்க வேண்டும் என்றால் கிண்ணம் போதாது. புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்ற பக்குவம் தெரிய வேண்டும். எண் மட்டும் உள்ள நகல் கிண்ணத்துக் குழம்பு. பார்முலா உள்ள மூலப் பைல்தான் பக்குவம்.

இந்த எக்செல் வகைக் கணக்குத் தாள் எப்படி வந்தது என்பதும் சுவாரசியமான கதை. அமெரிக்காவில் டான் பிரிக்லின் என்ற மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதுகிறார். நடுவில் ஒரு எண் தப்பு. அதை மாற்றினால் அதைத் தொட்ட எல்லா எண்ணையும் அழித்து அழித்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறுகிற பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து, நண்பர் பாப் பிராங்ஸ்டனோடு சேர்ந்து விசிகால்க் என்ற மென்பொருளைச் செய்தார். 1979-ல் விற்பனைக்கு வந்தது. எக்செல் அதற்குப் பின்னால் வந்ததுதான். பார்முலாவை எடுத்துவிட்ட ஷீட் என்றால் திரும்பவும் அந்தக் கரும்பலகைதான். கரும்பலகை என்று தெரிந்து எழுதினால் மோசமில்லை. 1989-ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில் ஐஃபாட் நிதி உதவியோடு குழுக்கள் ஆரம்பித்த காலத்தில் எல்லாம் கைக்கணக்குதானே, நன்றாகத்தானே நடந்தது. தானாக மாறும் என்று நம்பிக்கொண்டு மாறாத பலகையில் எழுதுவதுதான் ஆபத்து.

அப்படியென்றால் நகலே கொடுக்கக் கூடாதா? கொடுக்கணும். வெளியில் கொடுப்பதென்றால் நகல்தான் கொடுக்கணும். மார்ச் 31 அன்றைக்கு இவ்வளவு நிலுவை என்று தணிக்கையாளருக்குக் கொடுத்தால், அந்த எண் ஜூனில் திறந்தாலும் அதேதான் இருக்க வேண்டும். இன்றைய தேதியை வைத்து எத்தனை நாள் தாமதம் என்று பார்முலா போட்டிருந்தால், அவர் திறக்கிற அன்றைக்கு வேறு எண்ணைக் காட்டும், நமக்கும் அவருக்கும் சண்டை. அதோடு, கை தவறி யாராவது ஒரு கட்டத்தில் தட்டிவிட்டால் மொத்தமும் மாறிப் போகாது. இன்னொன்றும் இருக்கிறது. மூலப் பைலின் உள்பக்கங்களில் உறுப்பினர்களின் போன் நம்பர், ஆதார் நம்பர், யார் வீட்டில் என்ன கஷ்டத்துக்குக் கடன் வாங்கினார்கள் என்பதெல்லாம் இருக்கும். அதை அப்படியே வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது அந்தப் பெண்களுக்குச் செய்கிற துரோகம். "அந்தப் பகுதியை மறைச்சு வச்சுட்டேன் மேடம்" என்பார்கள். எக்செல்லில் மறைத்தது மறைந்ததே தவிர அழியவில்லை. திறக்கத் தெரிந்தவர் ஒரு நொடியில் திறப்பார். நகல் எடுக்கும்போதும், மறைத்து வைத்த பத்திகளுக்கு மேலே இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அவையும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். எனவே காட்ட வேண்டிய கட்டங்களை மட்டும் எடுங்க. அதுவும் சந்தேகமாக இருந்தால் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிடுங்க, அதில் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் போகும்.

கணக்காளர் பெண்கள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்க. வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து காப்பி கொடுங்க. புதிய பைல் ஒன்றைத் திறங்க. அங்கே மவுசின் வலது பட்டனை அமுக்கி, பேஸ்ட் ஸ்பெஷல் என்பதற்குள் போய், வேல்யூஸ் என்பதைத் தேர்ந்தெடுங்க. எண் மட்டும் வந்து உட்காரும். புதிய பைல் என்று சொன்னேன், கவனிச்சீங்களா? மூலப் பைலிலேயே வேல்யூஸ் ஒட்டிச் சேவ் செய்துவிட்டால் பார்முலா போனது போனதுதான். அவசரத்தில் இதைச் செய்துவிட்டு அழுத பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். புதிய பைலுக்குப் பெயர் வைக்கும்போது முதல் வார்த்தையே "நகல்" என்று இருக்கட்டும், கூடவே தேதி. உள்ளே முதல் வரியிலும் "இது நகல், இதில் எழுதக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் போடுங்க. அன்றைக்கு எங்கள் நகலில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தோடு காதிலேயே இருந்திருக்கும்.

மூலப் பைல் கூட்டமைப்புக் கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. பென் டிரைவ் தலைவி வீட்டுப் பீரோவில், ஒவ்வொரு மாதமும் மாற்றி எழுதியது. கணக்காளர் வேலையை விட்டுப் போகிறார் என்றால் சாவி ஒப்படைக்கிற மாதிரி மூலப் பைலையும் தீர்மானம் போட்டு ஒப்படைத்து வாங்குங்க.

சரி, கம்ப்யூட்டர் தொடாத அக்காக்களுக்கு என்ன வேலை என்று ஆரம்பத்தில் சொன்னேனே. உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் அச்சடித்த பட்டியல்தான். அச்சடித்தது எல்லாமே நகல்தான், காகிதத்துக்குள் பார்முலா இருக்காது. அதனால் அந்த எண் எப்படி வந்தது என்று வாயால் கேட்க வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன், விரலை மடக்கிக்கொண்டே வாங்க. பத்தாயிரம் கடன், பத்து மாதம், நூற்றுக்கு ஒரு ரூபாய். குறைகிற நிலுவைக்கு வட்டி போட்டால் முதல் மாதம் 100, அடுத்து 90, 80 என்று இறங்கி கடைசி மாதம் 10. கூட்டினால் 550 ரூபாய். வாங்கின முழுத் தொகைக்கே கடைசி வரைக்கும் வட்டி போட்டால் மாதம் 100 வீதம் 1,000 ரூபாய். இரண்டுக்கும் பெயர் "நூற்றுக்கு ஒரு ரூபாய்" தான். 450 ரூபாய் வித்தியாசம் எண்ணில் தெரியாது, கட்டளையில்தான் தெரியும். முதல் மாதப் பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டிலும் 100 என்றே இருக்கும். வெளியில் தனியார் நிதி நிறுவனத்தில் கடன் வாங்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்க: "வட்டி குறையுற நிலுவைக்கா, முழுத் தொகைக்கா?"

கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று சிலருக்குத் தயக்கம். பெரிய படிப்புப் படித்தவர்கள் கதை ஒன்று சொல்கிறேன். கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்று உலகப் பெயர் பெற்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள். 2010-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நாட்டின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும், சராசரி பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும் என்று. அரசாங்கங்கள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் எல்லாம் இந்தக் கட்டுரையைக் காட்டினார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பாடத்துக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். எத்தனை முறை போட்டாலும் அந்த எண் வரவில்லை. பேராசிரியர்களையே கேட்டார். அவர்களும் மறைக்காமல் தங்கள் எக்செல் பைலை அனுப்பினார்கள், பார்முலாவோடு. திறந்து பார்த்தால் சராசரி எடுக்கும் பார்முலா கீழே வரைக்கும் இழுக்கப்படாமல் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தன. அது மட்டும் காரணம் இல்லை, சில வருஷ விவரங்களைச் சேர்க்காததும் சராசரி எடுத்த முறையும் சேர்ந்துதான் எண்ணை அதிகமாக மாற்றியது. எல்லாம் சரிசெய்தபோது பூஜ்யத்துக்குக் கீழே 0.1 என்றது 2.2 சதவீதமாக வந்தது. தன் பேராசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2013-ல் அந்த மாணவர் அதை வெளியிட்டார். பேராசிரியர்கள் எக்செல் பிழையை ஒத்துக்கொண்டார்கள், தங்கள் முடிவு மட்டும் சரிதான் என்று வாதாடினார்கள். அது அவர்கள் பாடு. மூன்று வருஷம் உலகம் முழுக்கப் படித்த கட்டுரையில் இருந்த எண், பார்முலாவைப் பார்க்கிற வரைக்கும் வாய் திறக்கவில்லை. பேராசிரியரிடம் மாணவர் கேட்கலாம் என்றால், கூட்டமைப்புக் கணக்காளரிடம் நீங்க கேட்கக் கூடாதா?

போனில் எக்செல் பைலாகவே வந்தால் நீங்களே சோதிக்கலாம். நிலுவைக் கட்டத்தை விரலால் தொடுங்க. மேலேயோ கீழேயோ நீளமாக ஒரு பட்டை வரும். அதில் சமக்குறி (=) முதலில் இருந்தால் உயிருள்ள கட்டம். வெறும் எண் இருந்தால் நகல். ஆங்கிலம் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, இரண்டு கோடு தெரிந்தால் போதும்.

ஒரு அக்கா கை தூக்குறாங்க. சொல்லுங்க அக்கா.

"கம்ப்யூட்டர் வந்த பிறகு ரொக்கப் புத்தகம் எதுக்கு, நிறுத்திடலாமான்னு எங்க குழுவில பேசிக்கிட்டு இருக்கோம்."

நிறுத்தாதீங்க. அந்த எட்டாம் வகுப்பு ஊக்குநரின் நோட்டு இல்லையென்றால் அந்த நாத்தனார் இன்றைக்கும் திருடிதான். பாஸ்புக்கிலும் அன்றன்றைக்கே பதிவு போட்டு வாங்குங்க. ஊரில் இல்லாதவருக்கு ரசீது எழுதி, கொண்டு வந்தவர் கையில் கொடுங்க.

கணக்காளர்கள் யாரும் கிளம்பிவிட வேண்டாம். சாப்பாடு முடிந்ததும் மேல்மாடியில் மூன்று கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். உங்கள் பைலைக் கொண்டு வந்திருப்பீங்க இல்ல? ஒவ்வொருவரும் நிலுவைக் கட்டத்தைத் தொட்டுப் பார்ப்போம். சமக்குறி இல்லாதவங்க பயப்படாம சொல்லுங்க. இன்றைக்கே சரி பண்ணிடலாம், ரொக்கப் புத்தகத்தை மட்டும் பக்கத்தில் வச்சுக்குங்க.